காயல்லாத காய்

மாசிக்காய் காய் இல்லை. கடுக்காய்ப்பூ பூ இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இரண்டையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆனால் மாசிக்காயை விதைத்தால் முளைக்காது. கடுக்காய்ப்பூ ஒருநாளும் கனியாகாது. இரண்டுமே பூச்சி முட்டையிட்ட இடத்தில் மரம் வீங்கிக் கட்டிக்கொடுத்த வீடுகள். பிள்ளை பெற்ற வீட்டில் உரைகல்லில் மாசிக்காயை இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் பாட்டிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் இழைப்பது ஒரு குளவி வளர்ந்த தொட்டில் என்று?

எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டது மாசிக்காய் அல்ல, தைல மரம். சுரங்கத்து மண்மேடுகளின் ஓரத்திலும், ஊரைச் சுற்றியிருக்கும் செம்மண் காடுகளிலும் நிற்கிற அதே யூகலிப்டஸ். அதன் இளம் இலையின் நடுநரம்பில் வரிசையாகப் புடைத்துக்கொண்டு வரும் முடிச்சுகள் என்ன என்று தேடிப் போனதில், அந்த வழி கடலூர்த் துறைமுகம், இத்தாலி, இஸ்ரேல் என்று எங்கெங்கோ போய்விட்டது. போன வழியை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல் பிரச்சினையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு 'கால்' என்று ஒரே பெயர். தமிழில் முடிச்சு, கொப்புளம், கழலை, கட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். நான் 'புடைப்பு' என்றே எழுதுகிறேன்.

குளவியின் மை

பூச்சிகளில் பல இனங்கள் புடைப்பு உண்டாக்கும். சிற்றுண்ணி, இலைப்பேன், அசுவினி, கொசுவைப் போன்ற சிறு ஈ என்று பட்டியல் நீளம். நெய்வேலித் தெருக்களில் புங்க மர இலைமேல் பச்சை விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருப்பவை கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் வேலை. ஆனால் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவை குளவிகள்தான். கொட்டுகிற குளவி என்று நினைக்க வேண்டாம். இவை எறும்பைவிடச் சின்னவை. பெண் குளவி இளந்தளிரைக் குத்தி உள்ளே முட்டையிடும். அந்த இடத்துச் செல்கள் தங்கள் வேலையை மறந்து பெருகத் தொடங்கும். வெளியே கெட்டித் தோல், உள்ளே சத்தான சதை, நடுவே புழு. வீடும் மரத்தினுடையது, சாப்பாடும் மரத்தினுடையது. புழு வளர்ந்து சிறகு முளைத்ததும் சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும்.

மாசிக்காயை உண்டாக்கும் குளவி துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் மரங்களில் வாழ்வது. தென்னிந்தியச் சமவெளியில் ஓக் கிடையாது. ஆக, நம் பிரசவ அறைக்குள் நுழைந்த முதல் புடைப்பு கப்பல் சரக்கு. வியாபாரிகளுக்கு அதில் தரம் பிரிக்கவும் தெரியும். ஓட்டை விழாத, நீலம் பாய்ந்த காய்க்கு விலை அதிகம். ஓட்டை விழுந்து வெளுத்ததற்குக் குறைவு. பூச்சி வெளியேறுவதற்கு முன்பு பறித்ததில் துவர்ப்பு கூடுதல் என்பதுதான் காரணம். குளவியைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே அது வீட்டில் இருக்கிறதா, கிளம்பிவிட்டதா என்று பார்த்து விலை பேசியிருக்கிறார்கள்.

அந்தத் துவர்ப்பை நம்பித்தான் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதியது. மாசிக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்தால் கருமை வரும். அந்த உப்பை நம் சித்த மருத்துவர்கள் அன்னபேதி என்பார்கள். எழுதும்போது வெளிறியிருக்கும் அந்த மை, காற்றுப் பட்டதும் கறுத்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும்; சுரண்டினாலும் முழுதாகப் போகாது. அதனால்தான் பத்திரங்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் அதையே நம்பினார்கள். 1690-இல் கடலூருக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்கள் வந்ததும் அந்த மை மரபிலிருந்துதான். அந்தக் கோட்டையின் இடிபாடு நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம் சொச்சம்.

இத்தனை எழுதியும், புடைப்புக்குள் பூச்சி எப்படி வந்தது என்று ஐரோப்பாவுக்குப் புரிய 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை ஆனது. அழுகிய இறைச்சியில் தானாகப் புழு தோன்றாது, ஈ முட்டையிட்டால்தான் தோன்றும் என்று 1668-இல் நிரூபித்த பிரான்செஸ்கோ ரெடிகூட, புடைப்புக்குள் இருக்கும் புழுவை மரத்தின் உயிர்ச்சக்தியே பெற்றெடுக்கிறது என்று நம்பினார். இன்னொரு இத்தாலியரான மார்செல்லோ மால்பிகிதான், 1679-இல் வெளிவந்த தன் தாவர உடற்கூறு நூலின் இரண்டாம் பகுதியில், பூச்சி முட்டையிடுவதால்தான் புடைப்பு உண்டாகிறது என்று படம் வரைந்து காட்டினார்.

சீட்டித் துணியின் மஞ்சள்

நம் ஊரிலும் ஒரு புடைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் கடுக்காய்ப்பூ. கடுக்காய் மரத்தின் தளிர் இலையில் பூச்சி முட்டையிட, இலை கோணல்மாணலாக உப்பிக் குழல்போல ஆகிவிடும்.

சோழமண்டலக் கரையில் அப்போது துணிதான் தங்கம். சீட்டி என்று நாம் சொல்லும் வரைகலைத் துணி கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரித் துறைமுகங்கள் வழியே கப்பலேறியது. துணியைக் கடுக்காய்த் துவர்ப்பிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து வரையும் முறையைப் பாதிரியார் கேர்தூ 1742-இல் பிரான்சுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். இன்றைய மொழியில் சொன்னால் தொழில்நுட்ப உளவு. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வில்லியம் ராக்ஸ்பரோ தன் 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' நூலில் கடுக்காய் மரத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் புடைப்புகளையும் விடவில்லை. பூச்சி தளிரைக் குத்தி முட்டையிடுவதால் இவை உண்டாகின்றன. ஓக் புடைப்பைப் போலவே மை செய்ய உதவும். இந்தக் கரையின் துணி ஓவியர்களுக்கு மிக நல்ல, நிலைத்து நிற்கும் மஞ்சளைத் தருவது இதுதான் என்று பதிவு செய்தார்.

எனக்கு இந்தப் பத்தி முக்கியமாகப் படுவது ஒரு காரணத்துக்காக. அங்கே யாரும் அந்தப் பூச்சியைக் கொல்லச் சொல்லவில்லை. கடுக்காய் மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்றும் பதறவில்லை. மரம் இருந்தது, பூச்சி இருந்தது, இரண்டும் சேர்ந்து செய்ததை மனிதர் பறித்துப் போனார்கள். லாபம் தந்ததால் அதற்குப் பூ என்று பெயர். பக்கத்து மரத்தில் லாபம் தராத புடைப்புக்குப் பெயர் கட்டி, சொத்தை, நோவு. பூச்சியின் குணம் மாறவில்லை. நம் கணக்குதான் மாறியிருக்கிறது.

எண்ணிப் பார்த்தவர்

இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் புடைப்பைப் புடைப்பாகவே பார்த்தவர் எம்.எஸ். மணி. மகாதேவ சுப்பிரமணிய மணி, 1908 முதல் 2003 வரை வாழ்ந்த பூச்சியியலாளர். ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை உருவாக்கியவர். இமயமலை உச்சிப் பூச்சிகளைப் பற்றிய வேலைக்காக உலகம் அவரை அறியும். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் விடாமல் பின்தொடர்ந்த இன்னொன்று புடைப்பு. 1964-இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த அவருடைய 'தாவரப் புடைப்புகளின் சூழலியல்' இன்றும் இந்தத் துறையில் கைக்கெடுக்கப்படும் நூல். 'இந்தியத் தாவரப் புடைப்புகள்' தனி நூல்.

குளவி மோகம் ஐரோப்பா, அமெரிக்காவின் ஆய்வாளர்களுக்கு. ஆல்ஃபிரட் கின்சியைப் பாலியல் ஆய்வுக்காகத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு முன்பு அவர் ஓக் புடைப்புக் குளவிகளை லட்சக்கணக்கில் சேகரித்து, 1930-இல் அவற்றைப் பற்றிப் பெரிய நூலே எழுதியவர். இந்தியாவில் கதை வேறு என்று மணி காட்டினார். ஓக் குளவிகளுக்கு இங்கே இமயமலைப் பக்கம்தான் இடம். சமவெளியில் புடைப்பு வேலை பெரும்பாலும் சிற்றீக்கள், சிற்றுண்ணிகள், இலைப்பேன்களுடையது. சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தில் டி.என். அனந்தகிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் இலைப்பேன் புடைப்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்; 1984-இல் புடைப்புப் பூச்சிகளின் உயிரியல் பற்றிய தொகைநூல் ஒன்றையும் அவர் கொண்டுவந்தார்.

இந்த இருவரின் உலகத்திலும் பெரும்பாலான புடைப்புகள் மரத்தைக் கொல்வதில்லை. புங்கனும் அதன் சிற்றுண்ணியும் ஒன்றாகப் பழகி வந்தவை. இலை அசிங்கமாகும், மரம் பாட்டுக்குப் பூக்கும், காய்க்கும். இந்த ஏற்பாட்டின் வயதும் சாதாரணமல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து நிலக்கரிப் படிவங்களில், சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய பெரணி மரக் காம்பில் பூச்சிப் புடைப்பு கிடைத்திருக்கிறது. பூக்கும் தாவரமே உலகில் தோன்றாத காலம் அது.

தோண்டிய மண்ணில் நட்ட மரம்

நெய்வேலியும் புதைந்த காடுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பும் பழுப்புமாக ஏதோ வந்ததிலிருந்து எங்கள் ஊர்க்கதை தொடங்கும். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நடுவே நான்கு வருடம் மண்ணை அள்ளியதுதான் வேலை. மேலே கிடந்த முந்திரிக் காடும் வயலும் கிராமமும் போய், அடியில் இருந்த செம்மண் மேலே வந்து மலையாகக் குவிந்தது. அந்த மண்ணில் சத்தில்லை, நிழலில்லை. மழை பெய்தால் கரைந்து ஓடும். அதைப் பிடித்து நிறுத்த மரம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வளரும் மரம்.

நட்டவற்றில் தைல மரமும் ஒன்று. நீலகிரிக்கு அது 1843-இலேயே வந்துவிட்டது, ஆனால் அது மலைக்கான இனம். சமவெளியில் நாம் பார்ப்பது மைசூர் கம் என்ற கலப்பு வகை. 1950, 60-களில் தென்னிந்திய அரசுகள் அதைப் பெருவாரியாக நட்டன. அணை, அனல்மின் நிலையம், காகித ஆலை எல்லாம் எழும்பிய அதே வருடங்கள், அதே அவசரம். மாடு தின்னாது, பூச்சி அண்டாது, ஆறேழு வருடத்தில் வெட்டலாம், வெட்டினால் மறுதாம்பு துளிர்க்கும். மானாவாரி விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

'பூச்சி அண்டாது' என்பதைத்தான் நாம் மரத்தின் குணம் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் அது பயண விவரம். மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து விதையாகக் கப்பலேறியது; அதன் பூச்சிகள் அங்கேயே தங்கிவிட்டன. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தைல மரம் இங்கே அனுபவித்தது ஒரு நீண்ட விடுமுறை.

1990-களில் இன்னொரு மாற்றம் வந்தது. காகித ஆலைகள் விதைக்கன்றை விட்டுவிட்டு, நன்றாக வளர்ந்த ஒரு மரத்தின் துண்டுகளை வேர்பிடிக்க வைத்து ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிக் கன்றுகளைத் தரத் தொடங்கின. கன்று ஒரே உயரம், தண்டு ஒரே பருமன், மகசூல் கூடுதல். ஒரு தோட்டத்தில் பத்தாயிரம் மரம் நின்றாலும் மரபுக் கணக்கில் அது ஒரே மரம்.

விடுமுறை முடிந்தது

2000-இல் மத்திய கிழக்கிலும் மத்தியதரைக்கடல் பக்கத்திலும் தைல மரக் கன்றுகள் முடிச்சு முடிச்சாக வீங்கின. உள்ளே இருந்த குளவியை அறிவியல் அதுவரை பார்த்ததே இல்லை. 2004-இல்தான் அதற்கு லெப்டோசைபி இன்வேசா என்று பெயர் வைத்தார்கள். நீளம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழுப்பு உடம்பில் நீலமும் பச்சையுமாக ஒரு மினுக்கம். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. ஆனால் அங்கே அதை யாரும் கவனித்ததில்லை. ஊரைவிட்டு வந்து அட்டகாசம் செய்த பிறகுதான் பெயரும் கிடைத்தது, ஊரும் தெரிந்தது.

இந்தக் குளவியில் ஆண் மிக மிக அரிது. பெண் தனியாகவே முட்டையிடும், பிறப்பதும் பெண்ணாகவே இருக்கும். ஒரு கன்றுக்குள் ஒரே ஒரு குளவி ஒளிந்து வந்து சேர்ந்தால் போதும், ஒரு நாட்டுக்கே குடிவந்த மாதிரி. கென்யா, உகாண்டா, வியட்நாம், சீனா, பிரேசில் என்று சில வருடங்களில் சுற்றிவிட்டது. இந்தியாவில் 2001 வாக்கில் கர்நாடகத்தின் மாண்டியா பக்கம் முதலில் கண்ணில் பட்டதாகப் பதிவு. 2007-க்குள் தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் பெரிய தொல்லையாகிவிட்டது.

பெரிய மரத்தை அது கொல்வதில்லை. அதற்கு வேண்டியது தளிர். அதனால் அடி விழுந்தது இரண்டு இடத்தில்: நாற்றங்காலில், அப்புறம் வெட்டிய மரம் மறுபடி துளிர்க்கும் மறுதாம்பில். அதாவது விவசாயி முதல் போட்ட இடத்திலும், முதலில்லாமல் அடுத்த வெட்டை எதிர்பார்த்த இடத்திலும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கையில் இருந்த கன்றைத் திருப்பிக் காட்டினார்.

"இதா தம்பி, கன்னுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஒரு பாத்தியில வந்துச்சின்னா பக்கத்துப் பாத்தியும் போச்சு. மருந்து அடிச்சுப் பாத்தோம், கேக்கல."

"ஏங்க்கா கேக்கல?"

"அது உள்ள இல்ல இருக்குது? நாம வெளிய அடிச்சா அதுக்கென்ன! அப்புறம் வேற ரகம்னு குடுத்தாங்க. அதுல கம்மி."

பூச்சியியல் கட்டுரைகள் பல பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். கெட்டித் தோலுக்குள் மாதக்கணக்கில் பத்திரமாக இருக்கிறது புழு. வெளியே வந்த குளவி உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். தெளிக்கும் மருந்து அந்த ஒரு வாரத்தைப் பிடிக்க வேண்டும். தாங்கும் ரகமும் உண்டு, தாங்காத ரகமும் உண்டு. தாங்காத ஒரு ரகத்தையே காடு முழுக்க நட்டிருந்தால் அத்தனையும் ஒன்றாகப் போகும். ஆணில்லாமல் பெருகும் குளவியும் விதையில்லாமல் பெருகிய மரமும் சந்தித்துக்கொண்டன. முதலாவது இயற்கை செய்தது, இரண்டாவது நாம் செய்தது.

எதிரியின் எதிரி

ஏறத்தாழ அதே வருடங்களில் இன்னொரு குளவியும் வந்தது. இதன் தாய்வீடு ஆப்பிரிக்கா. பிடித்தது கல்யாண முருங்கையை. அதையும் 2004-இல்தான் புது இனமாக விவரித்தார்கள். 2005-இல் ஹவாய்த் தீவுகளின் சொந்த முருக்க மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006-க்குள் கேரளத்தில் மிளகுக் கொடி ஏறும் முருக்க மரங்களில் அது பதிவாகிவிட்டது. சங்க இலக்கியம் கவிர் என்று சொல்லும் மரம். கல்யாணப் பந்தலில் அரசாணிக்காலாக நடும் கிளை. சளிக்கு அடை சுடும் இலை. தைல மரம் போனால் காகிதக் கம்பெனி கவலைப்படும், ஆய்வுக்குப் பணம் வரும். வேலியோரத்து முள்முருங்கை சுருண்டால் யார் கேட்பது? முதல் குளவியைப் பற்றி எழுதியவர்கள் அநேகம் பேர், இரண்டாவதைப் பற்றிச் சொற்பம்.

இரண்டு கதையிலும் மருந்தைவிட வேலை செய்தது எதிரிகள்தான். ஹவாய்க்காரர்கள் தான்சானியா வரை போய் அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குளவியைக் கொண்டுவந்து 2008-இல் விட்டார்கள். தைல மரக் குளவிக்கு இஸ்ரேல் ஆய்வாளர்கள் குயின்ஸ்லாந்தில் எதிரிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்றான குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி இந்தியாவிலும் வேலைக்கு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, யாரும் அழைக்காமலேயே வந்த விருந்தாளி. கர்நாடகத்துப் புடைப்புகளுக்குள் மெகாஸ்டிக்மஸ் என்ற பேரினத்துக் குளவி ஒன்று இருப்பதைக் கண்டு, தார்வாட் ஊரின் பெயரிலேயே 2010-இல் மெகாஸ்டிக்மஸ் தார்வாடிகஸ் என்று பெயர் வைத்தார்கள். புது வாடகைக்காரர் வந்த செய்தி எப்படியோ அதற்கு எட்டியிருக்கிறது.

இப்போது நாற்றங்கால்களில் பழைய பீதி இல்லை. புடைப்பு முழுக்கப் போகவும் இல்லை. தைல மரத்துக்கு நூற்றைம்பது வருடம் கழித்து அதன் ஊர்க் குளவியும், குளவிக்கு எதிரியும் வந்து சேர்ந்து, இங்கே ஒரு சின்னக் குயின்ஸ்லாந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில நூறு வருடம் விட்டால் புங்கனும் சிற்றுண்ணியும் போல இவையும் ஒன்றுக்கொன்று பழகிவிடலாம். நமக்கு ஆறேழு வருட வெட்டுக் கணக்கு. அவற்றின் கணக்கு வேறு.

சுரங்கத்து மண்மேட்டில் எதை நடுவது என்ற கேள்வி நெய்வேலியில் இனியும் வரும். தோண்டும் வரை மேடு உண்டு. பச்சையாக இருந்தால் காடு என்று நாங்கள் சின்ன வயதில் நம்பியது போதாது. எத்தனை வகை மரம், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தைல மரத் துளிரின் நடுநரம்பைத் தடவிப் பாருங்கள். புடைப்பு பச்சையாகவோ ரோஜா நிறத்திலோ ஓட்டையில்லாமல் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. பழுப்பாகி ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் கிளம்பியாயிற்று. கிளம்பியது குளவியா, அதைத் தின்று வளர்ந்த அதன் எதிரியா என்பதை மட்டும் ஓட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கிளையை ஒடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும்.